'செட்டில்' என்னும் ஆங்கில வினை: பொருளையும் பிறப்பையும் படிப்படியாக அறிவதற்கான முழுமையான வழிகாட்டி

ஆங்கிலத்திலிருந்து தமிழ்ப் பேச்சுக்கு வந்த வினைகளில் 'செட்டில்' அளவுக்குப் பல வேலை பார்ப்பவை குறைவு. செட்டிநாட்டில் அது இன்னும் கூடுதலாகவே உழைக்கிறது. "பேரன் சிங்கப்பூர்ல செட்டிலாயிட்டாகளா ஆச்சி?" என்று பக்கத்து வீட்டார் விசாரிக்கிறார்கள். "இந்த மாசத்தோட பாக்கியைச் செட்டில் பண்ணிடுங்கண்ணே" என்று மொத்தக் கடைக்காரர் சொல்லி அனுப்புகிறார். "வீட்டை மகளுக்குச் செட்டில்மெண்டு எழுதிட்டாக" என்ற செய்தி பத்திரப் பதிவு அலுவலக வாசலில் காதில் விழுகிறது. பழைய வீட்டைப் பார்வையிட வந்த பொறியாளர் முகப்புத் தூணைக் காட்டி, "இந்த மூலையில செட்டில்மெண்ட் ஆகியிருக்கு" என்கிறார். பங்காளிகளுக்குள் இருந்த வழக்கோ கோர்ட்டுக்கு வெளியே 'செட்டில்' ஆகிவிடுகிறது.

இந்த ஐந்தும் ஒரே சொல் என்று ஏற்றுக்கொள்வது எளிது. ஒரே பொருள் என்று சொல்வதுதான் கடினம். ஊரில் குடியிருப்பது, கடனை அடைப்பது, சொத்தை எழுதிவைப்பது, தூண் தரையில் இறங்குவது, சண்டையை முடிப்பது ஆகிய இவற்றுக்கு நடுவே என்ன உறவு இருக்க முடியும்? ஆங்கிலம் பயிலும் கல்லூரி மாணவர்களும், மொழிபெயர்ப்பில் இறங்கியவர்களும், ஆவணங்களைப் படிக்க நேர்பவர்களும் இந்த உறவைத் தாங்களே கண்டுபிடிப்பதற்கான முறையைக் கீழே படிப்படியாகத் தருகிறேன். பொருள்களை மனப்பாடம் செய்வதால் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. இந்தச் சொல் இரண்டு வேறு சொற்களின் கூட்டு என்பதை அறிந்துகொண்டால் மற்றவை அதன் பின்னே வரும்.

முதல் படி: சரியான அகராதியைத் தேர்ந்தெடுத்தல்

மாணவர் அகராதிகள் ஒரு சொல்லின் பொருள்களை இன்று எது மிகுதியாக வழங்குகிறதோ அதன் வரிசையில் அடுக்குகின்றன. அவற்றில் 'செட்டில்' என்று தேடினால் சச்சரவைத் தீர்ப்பதோ முடிவு செய்வதோ முதலில் வரும். வரலாற்று முறை அகராதிகள் வேறு வழியில் செல்கின்றன. 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்போர்டு பேரகராதி, ஒவ்வொரு பொருளும் எழுத்தில் எப்போது முதலில் காணப்படுகிறது என்பதை மேற்கோள்களோடு காட்டி, பழையதை முன்னும் புதியதைப் பின்னுமாக வைக்கிறது. அங்கே நம் சொல் ஓர் இருக்கையிலிருந்து தொடங்குகிறது. ஒரு சொல்லின் பயன்பாட்டை அறிய முதல் வகையும், பொருள்களுக்கு இடையேயான உறவை அறிய இரண்டாம் வகையும் தேவை. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதன் வேலையைச் செய்ய முயல்வதால்தான் பெரும்பாலான குழப்பங்கள் நேர்கின்றன.

இரண்டாம் படி: வாக்கியத்தின் சட்டகத்தைப் பார்த்தல்

பொருளைத் தேடுமுன், அந்த வினைக்குச் செயப்படுபொருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருவர் பினாங்கில் 'செட்டில்' ஆனார் என்றால் செயப்படுபொருள் இல்லை. அவரே போய் நிலைகொண்டார். ஒருவர் பாக்கியை 'செட்டில்' செய்தார் என்றால் பாக்கி என்ற செயப்படுபொருள் இருக்கிறது. தமிழில் இந்த வேறுபாட்டை 'ஆகு', 'பண்ணு' என்ற துணைவினைகள் ஏற்றுக்கொண்டுவிட்டன. 'செட்டில் ஆகிவிட்டார்', 'செட்டில் பண்ணிவிட்டார்' என்ற இரண்டையும் யாரும் மாற்றிச் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் வினையின் வடிவம் மாறாமல் இரண்டு வேலையையும் செய்வதால், அடுத்து வரும் சொல்லைப் பார்த்தே நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: முதல் வேரைத் தேடுதல்

பழைய ஆங்கிலத்தில் 'செட்ல்' என்ற பெயர்ச்சொல் இருந்தது. அதற்கு இருக்கை என்று பொருள். அதிலிருந்து இருக்கையில் அமர்த்துதல் என்ற பொருளில் 'செட்லன்' என்ற வினை தோன்றியது. உயர்ந்த முதுகுப் பலகையும் கைப்பிடியும் கொண்ட நீண்ட மர இருக்கையை ஆங்கிலேயர் இன்றும் 'செட்டில்' என்றே அழைக்கின்றனர். வினையை மட்டும் அறிந்த நம்மவர் இந்தப் பெயர்ச்சொல்லைக் கதைகளில் கண்டு திகைப்பதுண்டு. கதிரவன் மறைவதைப் பழைய ஆங்கிலத்தார் 'செட்ல்கங்' என்றனர். இருக்கைக்குப் போதல் என்பது அதன் நேர்ப்பொருள்.

இந்த இருக்கைக்குப் பின்னால் இன்னும் பழைய வேர் ஒன்று உண்டு. ஐரோப்பிய மொழிகள் பலவும் சமஸ்கிருதமும் அடங்கிய இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தில், அமர்தல் என்ற பொருளுடைய 'செத்' என்ற வேர், இலத்தீனில் 'செதேரே' என்றும் சமஸ்கிருதத்தில் 'சத்' என்றும் ஆங்கிலத்தில் 'சிட்' என்றும் வந்திருக்கிறது. வேற்று மொழிச் சொற்களை உறவு என்று சொல்வதற்கு ஒலி ஒப்புமை மட்டும் போதாது. ஒழுங்கான ஒலிமாற்றம் வேண்டும். 1822-இல் ஜெர்மானிய மொழியறிஞர் யாக்கோபு கிரிம் விளக்கிய விதிகளில் ஒன்றின்படி, சமஸ்கிருதத்திலும் இலத்தீனிலும் 'த' என்று மென்மையாக ஒலிப்பது ஆங்கிலத்தில் 'ட' என்று வன்மையாக ஒலிக்கும். தமிழர் நன்கு அறிந்த வடசொற்களை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். தசம் என்பதற்கு எதிரே 'டென்', தந்தம் என்பதற்கு எதிரே 'டூத்', பாதம் என்பதற்கு எதிரே 'ஃபுட்' நிற்கின்றன. அதே ஒழுங்கில் 'சத்' என்பதற்கு எதிரே 'சிட்' நிற்கிறது.

இந்த வேரின் பிள்ளைகள் நம் ஊரிலேயே பலர். அறிஞர்கள் கூடி அமரும் சதஸ், ஆசிரியர் அருகே அமர்ந்து கேட்பதைக் குறிக்கும் உபநிஷத் ஆகியவை சமஸ்கிருத வழியில் வந்தவை. 'பிரசிடென்ட்', 'ரெசிடென்ட்', 'செஷன்' ஆகியவை இலத்தீன் வழியில் வந்தவை. செஷன்ஸ் கோர்ட்டை 'அமர்வு நீதிமன்றம்' என்று தமிழாக்கியவர் யாராயினும், வேர்ப்பொருளைச் சரியாகப் பிடித்தவர். தமிழ் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மொழியன்று என்பதையும் இங்கே மனத்தில் வைக்க வேண்டும். இச்சொற்கள் நம்மிடம் விருந்தினராக வந்தவை.

உறவில்லாத தமிழிலும் இதே பொருள் வளர்ச்சி நடந்திருப்பதுதான் என்னை மிகவும் கவர்ந்த செய்தி. 'இரு' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். அமரும் இடம் இருக்கை. வாழும் இடம் இருப்பிடம். ஒருவரை அமர வைப்பது இருத்துதல். கணக்கில் மிஞ்சி நிற்பது இருப்பு. அமர்வதில் தொடங்கி, குடியிருப்பதைத் தொட்டு, கணக்கேடு வரை அந்த வினை சென்றிருக்கிறது. ஆங்கிலச் சொல்லின் முதல் வேரிலிருந்து கிளைத்த பொருள்கள் பெரும்பாலும் இந்த 'இரு' குடும்பத்துக்கு அருகில் வரும்.

நான்காம் படி: இரண்டாம் வேரைக் காணுதல்

இருக்கையிலிருந்து குடியிருப்புக்கு வருவது இயல்பாகத் தெரிகிறது. சண்டையைத் தீர்ப்பது எப்படி வந்தது? இங்கேதான் இன்னொரு சொல் வந்து கலக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'சஹ்ட்' என்றால் உடன்பாடு, சமாதானம். ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியிலும் இதன் உறவுச் சொல் இருந்தது. பிணக்கை நீக்கி ஒன்றுசேர்த்தல் என்ற பொருளில் 'சஹ்ட்லியன்' என்ற வினை வழங்கியது. இடைக்கால ஆங்கிலத்தில் அது 'சாட்லென்' என்பது போல மாறியது. நடுவில் இருந்த ஹகர ஒலி தேய்ந்துபோனதும், அமர்த்துதலைக் குறித்த சொல்லோடு இது ஒலியில் நெருங்கிவிட்டது. பொருளிலும் நெருக்கம் இருந்தது. சண்டை அடங்கினால் மனம் அமைதியாக அமரத்தானே செய்கிறது. காலப்போக்கில் மக்கள் இரண்டையும் ஒன்றாகவே கருதிவிட்டனர். பிணக்கு, உடன்பாடு, கணக்குத் தீர்ப்பு ஆகிய பொருள்கள் இன்றைய சொல்லில் வலுப்பெற்றதற்கு இந்தக் கலப்பே காரணம் என்று சொல்லாய்வாளர் கருதுகின்றனர்.

தமிழில் இதற்கு நிகரானது 'தீர்' குடும்பம். வழக்கு முடிந்தால் தீர்ப்பு, சிக்கல் முடிந்தால் தீர்வு, நிலத்துக்குச் செலுத்துவது தீர்வை, கடன் அடைந்தால் தீர்ந்தது. உருதுவின் வழியே அரபியிலிருந்து வந்த 'பைசல்' என்ற சொல்லும் இதே இடத்தில் நிற்கிறது. முடிவு, தீர்ப்பு என்ற பொருளுடைய அச்சொல்லைப் பழைய கடைக்காரர்கள் கணக்குக்கும் சச்சரவுக்கும் ஒருங்கே வழங்கினார்கள்.

ஆகவே 'செட்டில்' என்ற சொல்லை எங்கே கண்டாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். ஏதேனும் ஒன்று ஓரிடத்தில் இருக்கிறதா, அல்லது ஏதேனும் ஒன்று தீர்கிறதா? ஐந்தில் நான்கு இடங்களில் இந்தக் கேள்வியே பொருளைத் தந்துவிடும்.

ஐந்தாம் படி: கிளைகளைப் பின்தொடர்தல்

இடம் சார்ந்த கிளை எளியது. தூசி அடங்குதல், பறவை கிளையில் அமர்தல், கலங்கிய நீரில் வண்டல் அடியில் படிதல், கட்டடத்தின் அஸ்திவாரம் மண்ணுக்குள் இறங்குதல் ஆகிய அனைத்தும் மேலே இருந்தது கீழே வந்து நிலைகொள்வதைக் குறிக்கின்றன. ஊருணித் தண்ணீரைக் குடத்தில் ஊற்றி, தேற்றாங்கொட்டையை உட்புறத்தில் உரைத்துத் தெளியவைத்த பழக்கத்தை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமானால் இந்த வினையே பொருந்தும். ஆனால் தமிழில் நாம் கவனிப்பது மேலே தெளிந்த நீரை. ஆங்கில வினை முதலில் சுட்டுவது கீழே படிந்த மண்டியை. பொறியாளர் சொன்ன தூண் இந்தக் கிளையைச் சேர்ந்தது. 'தூண் செட்டில் ஆகிவிட்டது' என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு மகிழ்ந்துவிடக் கூடாது.

குடியேற்றக் கிளை 17-ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. ஆங்கிலேயர் கடல் கடந்து புதிய நிலங்களில் ஊன்றத் தொடங்கிய காலம் அது. குடியேறிய இடத்துக்கே 'செட்டில்மெண்ட்' என்ற பெயர் வந்தது. செட்டிநாட்டாருக்கு நன்கு அறிமுகமான சான்று 'ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்'. கிழக்கிந்தியக் கம்பெனி 1826-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவற்றை ஒரே நிருவாகமாக்கி இப்பெயரிட்டது. 1867-இல் அது முடியாட்சியின் நேரடிக் குடியேற்றமாகி, 1946-இல் கலைக்கப்பட்டது. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, சென்ற நகரத்தார் என்னும் செட்டிநாட்டு வணிகர் இந்த ஊர்களில் கடையும் தங்குமிடமுமான கிட்டங்கிகளில் தங்கித் தொழில் நடத்தினார்கள். ஆனால் அவர்கள் அங்கே 'செட்டில்' ஆனவர்கள் என்று சொல்ல முடியாது. ஏஜெண்டுகள் பொதுவாக மூன்றாண்டுத் தவணைக்குச் சென்று, குடும்பத்தைப் பெரும்பாலும் ஊரிலேயே விட்டுவைத்து, தவணை முடிந்ததும் கணக்கை அடுத்தவரிடம் ஒப்படைத்துத் திரும்பினார்கள். 'செட்டில்மெண்ட்' என்று பெயர் கொண்ட நாட்டில் இருந்துகொண்டு, கணக்கை மட்டும் 'செட்டில்' செய்துவிட்டு வந்தவர்கள் அவர்கள்! ஒரே சொல்லின் இரண்டு வேர்களும் இவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்கும் சான்று வேறொன்று எனக்குக் கிடைக்கவில்லை.

கணக்குக் கிளைக்கு இங்கே சொற்பஞ்சம் இல்லை. குறிப்பிலும் பேரேட்டிலும் பற்றும் வரவும் எழுதி, முடிவில் ஐந்தொகை என்னும் முடிவுக் கணக்கு எடுத்து இருப்பைக் காட்டிய ஊர் இது. எனவே ஆங்கில வினை கணக்கோடு வரும்போது மூன்றில் எது நடந்தது என்று பார்க்க வேண்டும்: பாக்கித் தொகை செலுத்தப்பட்டதா, இரு தரப்பாரும் ஒரு தொகையை ஒப்புக்கொண்டார்களா, அல்லது முழுத் தொகைக்குப் பதிலாகக் குறைவான ஒன்றை வாங்கிக்கொண்டு கணக்கு முடிக்கப்பட்டதா? ஆங்கிலம் மூன்றையும் ஒரே சொல்லால் சொல்லும். தமிழில் முதலாவது கடன் அடைத்தல். இரண்டாவது கணக்கு ஒத்துக்கொள்ளுதல். மூன்றாவது பேசித் தீர்த்தல். 1930-களின் பொருளாதார மந்தத்தில் பர்மாவில் கடன் வாங்கியவர்கள் பணமாகத் திருப்ப முடியாமல் போனபோது, ஈடு வைத்த வயல்கள் வட்டிக்கடைக்காரர்களிடம் வந்து சேர்ந்தன. அதை ஆங்கிலப் பதிவுகளில் படிக்கும்போது இந்த வினைக்கு 'செலுத்தினார்' என்று தமிழ் எழுதினால் வரலாறே பிழையாகிவிடும்.

சட்டக் கிளையில் நிதானம் தேவை, ஏனெனில் இங்கே 'இரு', 'தீர்' இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. சொத்தை ஒருவர் பேரில் உறுதியாக அமர்த்துவது என்ற பொருள் 17-ஆம் நூற்றாண்டு முதல் ஆங்கிலச் சட்ட வழக்கில் உண்டு. இங்கிலாந்தின் அரியணை யாருக்குச் சேரும் என்பதை வரையறுத்த 1701-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரும் 'ஆக்ட் ஆஃப் செட்டில்மெண்ட்' என்பதே. நம் நாட்டில் 1899-ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டத்தின் 2(24) பிரிவு இச்சொல்லை வரையறுக்கிறது. திருமணத்தை முன்னிட்டோ, குடும்பத்தாருக்கும் தாம் ஆதரிக்க விரும்புவோருக்கும் பகிர்ந்தளிக்கும் நோக்கிலோ, சமய அல்லது அறப்பணிக்காகவோ, உயில் அல்லாத முறையில் எழுத்து மூலம் சொத்தை ஏற்பாடு செய்வது என்பது அதன் சாரம். உயில் எழுதியவரின் மறைவுக்குப் பின்னரே நடைமுறைக்கு வரும். 'செட்டில்மெண்டு' அவர் உயிரோடு இருக்கும்போதே உரிமையை வழங்கும். மகளுக்கு வீட்டை எழுதிவைத்த செய்தியில் 'தீர்' என்ற பொருள் இல்லை; வீடு அவர் பேரில் இருத்தப்பட்டது என்பதே உட்பொருள்.

வருவாய்த் துறையின் 'செட்டில்மெண்ட்' வேறு. 1793-இல் தலைமை ஆளுநர் காரன்வாலிஸ் வங்காளத்தில் கொண்டுவந்த சாசுவத நிலவரி ஏற்பாடும், சென்னை மாகாணத்தில் 1802-ஆம் ஆண்டின் 25-ஆம் ஒழுங்குமுறையின் வழியே வந்த ஏற்பாடும், ஜமீன் செலுத்த வேண்டிய தொகையை நிலையாக வரையறுத்தன. செட்டிநாட்டு ஊர்கள் பலவற்றை உள்ளடக்கிய சிவகங்கை, இராமநாதபுரம் ஜமீன்கள் அந்த முறையின் கீழ் வந்தவை. 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் நிலங்களை அளந்து உரிமையையும் தீர்வையையும் வரையறுக்க வந்த அதிகாரிகளும் செட்டில்மெண்ட் அதிகாரிகளே. பழைய ஆவணத்தில் இச்சொல் வந்தால், ஆவணத்தின் ஆண்டையும் அது எந்த அலுவலகத்தைச் சேர்ந்தது என்பதையும் பார்த்த பிறகே பொருள் கொள்ள வேண்டும்.

கட்டப்பஞ்சாயத்துக்காரர்கள் 'செட்டில்மெண்ட்' என்று சொல்வது ஆங்கில அகராதிகளில் இல்லை. அது நாமே வளர்த்தெடுத்த கிளை, பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஆறாம் படி: ஒட்டி வரும் சிறு சொற்களைக் கவனித்தல்

வினையை அடுத்து வரும் சிறு சொல் பொருளைத் திருப்பிவிடும். 'டவுன்' சேர்ந்தால் அலைச்சல் விட்டு ஒரு வாழ்க்கைமுறையில் நிலைபெறுதல், சில வேளைகளில் திருமணம் செய்துகொள்ளுதல் வரை அது நீளும். 'இன்' சேர்ந்தால் புது வீட்டுக்கோ வேலைக்கோ பழகிக்கொள்ளுதல்; புதிதாக மணமான இணையைத் தனிக்குடித்தனமாக வேறு வைத்த பிறகு அவர்கள் தனிக் குடும்பமாகப் பழகும் முதல் மாதங்களை ஆங்கிலத்தில் எழுத இதுவே உகந்தது. 'அப்' சேர்ந்தால் பணத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்தல். 'ஃபார்' சேர்ந்தால் விரும்பியது கிடைக்காததால் கிடைத்ததை ஏற்றுக்கொள்ளுதல். இதில் எப்போதும் ஒரு மனக்குறை ஒட்டியிருக்கும். 'ஆன்' சேரும்போது இரண்டு வழிகள் உண்டு. பலவற்றில் ஒன்றைத் தேர்ந்து முடிவு செய்தல் பொதுவழக்கு. செயப்படுபொருளாகச் சொத்தும், 'ஆன்' என்பதற்குப் பின் ஆளின் பெயரும் வந்தால் எழுதிவைத்தல் என்னும் சட்டப் பொருள்.

ஏழாம் படி: போலி உறவுகளை விலக்குதல்

செட்டி, செட்டிநாடு, சிக்கனத்தைக் குறிக்கும் செட்டு ஆகியவற்றோடு இந்த ஆங்கில வினையை இணைத்துப் பேசுவது வேடிக்கைக்கு நன்றாக இருக்கும். செட்டி என்பதற்கு எட்டி என்றும் சிரேஷ்டி என்றும் அறிஞர்கள் வேறு வேறு வழி காட்டினாலும், எந்த வழியும் ஆங்கிலத்துக்குச் செல்வதில்லை. ஆங்கிலத்துக்குள்ளேயே ஒரு போலி உண்டு. 'செட்' என்ற வினையோடு ஒரு விகுதி சேர்ந்து 'செட்டில்' ஆனது என்று பலர் எண்ணுகின்றனர். 'செட்' என்பது அமரச் செய்தல் என்ற பொருளில் 'சிட்' வினையிலிருந்து பிறந்தது. 'செட்டில்' இருக்கை என்ற பெயர்ச்சொல்லிலிருந்து பிறந்தது. இரண்டும் ஒரே வேரின் கிளைகள். ஒன்று மற்றொன்றுக்குத் தாய் அன்று.

எட்டாம் படி: தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பார்த்தல்

ஆங்கில வாக்கியம் ஒவ்வொன்றையும் 'செட்டில்' என்ற சொல்லே இல்லாமல் தமிழில் எழுதிப் பாருங்கள். குடியேறு, நிலைபெறு, அமர், படி, இறங்கு, அடங்கு, அடை, பைசல் செய், முடிவு செய், எழுதிவை, சமரசம் செய் ஆகியவற்றுள் ஒன்று தானாக வந்து அமரும். எதுவும் வரவில்லையென்றால் வாக்கியத்தின் சட்டகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று பொருள். இரண்டாம் படிக்குத் திரும்ப வேண்டும்.

மறுதிசையில் செல்லும்போது எச்சரிக்கை கூடுதலாகத் தேவை. 'தீர்' வரும் இடமெல்லாம் இந்த ஆங்கில வினை வராது. வழக்கும் கடனும் ஐயமும் தீரலாம்; கடையில் அரிசி தீர்ந்துபோனதையோ பசி தீர்ந்ததையோ இதனால் சொல்ல இயலாது. அதேபோல் 'வாழ்க்கையில் செட்டில் ஆகிவிட்டார்' என்ற நம் வழக்கில் நல்ல வேலை, சொந்த வீடு, திருமணம், வங்கியில் சேமிப்பு ஆகிய நான்கும் ஒருங்கே அடங்கிவிடுகின்றன. மணமகன் தேவை விளம்பரங்களில் வரும் 'வெல் செட்டில்டு' இந்த இந்திய வழக்கைச் சேர்ந்தது. இங்கிலாந்துக்காரர் அதைப் படித்தால் அந்த ஊரில் நன்கு பழகிவிட்டவர் என்றே முதலில் எண்ணக்கூடும். வருமானம் அவர் நினைவுக்கு வராது. வெளிநாட்டவர்க்கு எழுதும்போது அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு, நிரந்தர வேலையில் இருக்கிறார், சொந்த வீடு உண்டு என்று தனித்தனியாக எழுதிவிடுவது நல்லது.